மாடியறைக் கணினியும் மே மாத வெயிலும்

தவக்காலத்தில் நம் கோவில்களில் திருமணங்கள் நடைபெறுவது அரிது. ஆகவே உயிர்ப்புப் பெருவிழா கழிந்ததும், காத்திருந்த மணமக்கள் அனைவரும் அடுத்தடுத்துப் பீடத்தை நோக்கி வருகின்றனர். ஏப்ரல் இறுதி தொடங்கி ஜூன் முதல் வாரம் வரை எங்கள் இல்லத்தில் ஓய்வு என்பதே கிடையாது. எங்கள் மூத்த மகன் திருமண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவன். ஓராண்டு வருவாயில் சரிபாதி இச்சில வாரங்களில்தான் அவனுக்குக் கிடைக்கிறது. திண்டுக்கல்லில் வெயில் உச்சத்தில் நிற்பதும் இதே வாரங்களில்தான் என்பதை நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

அவனுடைய கணினி மாடியறையில் இருக்கிறது. தலைக்கு மேலே காங்கிரீட் தளம். அதற்கு மேலே வானம். மே மாதத்தில் மாலை ஆறு மணிக்கும் அவ்வறையின் வெப்பம் 36 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. குளிர்சாதனம் வைக்கும் வசதி எங்களுக்கில்லை. கணினியே 2022ஆம் ஆண்டில் வளையல்களை அடகு வைத்து வாங்கப்பட்டது. அந்த வளையல்களை மீட்டு முடிப்பதற்குள் இன்னொரு கணினியைப் பற்றி எண்ணவும் இயலாது. எனவே, இருக்கும் ஒன்றைப் பழுதின்றிக் காப்பதும், இருப்பதைக் கொண்டே கூடுதலாக வேலை வாங்குவதும் எங்கள் வீட்டில் அன்றாடப் பேச்சாயின.

பிராசசர் எனப்படும் செயலியே கணினியின் இதயம் என்பதை இன்று சிறு பிள்ளைகளும் அறிவர். எங்கள் கணினியில் உள்ளது ரைசன் 5 3600 என்பது. 2019ஆம் ஆண்டில் 199 டாலர் விலையில் வெளிவந்த, நடுத்தரக் குடும்பங்களுக்கு ஏற்ற செயலி அது. அதனுள் ஆறு உள்ளகங்கள் உள்ளன. அதன் அடிப்படை வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ், அதாவது நொடி ஒன்றுக்கு 360 கோடித் துடிப்புகள். வேலையின் தன்மைக்கேற்ப அது தானாகவே 4.2 வரை ஏறவும் வல்லது. ஒவ்வொரு துடிப்பிலும் அதனுள்ளே கோடிக்கணக்கான நுண்ணிய மின்விசைகள் திறந்து மூடுகின்றன. அடுத்த துடிப்பு வருவதற்குள் அவை யாவும் தத்தம் நிலைக்கு வந்து சேர்ந்தாக வேண்டும். அவ்வாறு விரைந்து வந்து சேர உந்துவது மின்னழுத்தம். துடிப்பை விரைவாக்கினால் உந்துதலையும் கூட்ட வேண்டியிருக்கும். உந்துதல் போதாவிடில், ஏதோ ஒரு விசை தாமதித்து, ஒன்று என்று இருக்க வேண்டிய இடத்தில் சுழியம் நின்றுவிடும்.

தயாரிப்பாளர் குறித்த வேகத்துக்கு மேல் செயலியை ஓட்டுவதை ஓவர்கிளாக்கிங் என்கின்றனர். குறித்த மின்னழுத்தத்துக்குக் குறைவாகக் கொடுத்து ஓட்டுவதை அண்டர்வோல்ட்டிங் என்கின்றனர். இவ்விரு சொற்களையும் மகன் முதன்முதல் எங்களிடம் சொன்னபோது, எங்களுள் ஒருவருக்கு நூற்பாலை நினைவுக்கு வந்தது. முப்பது ஆண்டுகள் ரிங் பிரேம் இயந்திரங்களுக்கிடையே நடந்த கால்கள் அவை. கதிர்களின் வேகத்தைச் சற்றுக் கூட்டினால் நூல் கூடுதலாகக் கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் ஓர் எல்லைக்கு மேல் இழை அறுவது பெருகும். அறுந்த இழைகளை ஒட்டுவதற்கே ஆட்கள் ஓடிக்கொண்டிருப்பர். அன்றைய உற்பத்திக் கணக்கைப் பார்த்தால் முன்பைவிடக் குறைவாக நிற்கும். ஆயினும் நூல் அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். செயலிக்குள் அறுவது தெரியாது. இந்த வேற்றுமையைத்தான் நாங்கள் போகப்போக உணர்ந்தோம்.

மலிவான செயலியிலிருந்து விலையுயர்ந்த செயலியின் வேலையை வாங்கும் ஆசை இன்று நேற்று எழுந்ததன்று. 1998 ஆகஸ்டில் இன்டெல் நிறுவனம் செலரான் 300ஏ என்னும் செயலியை 149 டாலருக்கு வெளியிட்டது. அதன் வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். அதே சமயத்தில் 450 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள பென்டியம் 2 செயலியை 669 டாலருக்கு விற்றது. செலரானின் வேகம், மதர்போர்டு தரும் 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை நாலரை மடங்காகப் பெருக்கிக் கிடைப்பது. அந்த நாலரையை மாற்ற முடியாதபடி நிறுவனம் பூட்டியிருந்தது. ஆனால் மதர்போர்டின் துடிப்பை 66இலிருந்து 100க்கு உயர்த்தினால் என்ன ஆகும்? நாலரை நூறு 450 அன்றோ! செயலி அட்டையின் இணைப்பு முனைகளுள் ஒன்றைச் சிறு ஒட்டுநாடாத் துண்டால் மூடிவிட்டால், மதர்போர்டு தானாகவே 100க்கு மாறிக்கொண்டது. பெரும்பாலான செலரான்கள் அந்த வேகத்தைத் தாங்கின. ஓர் அங்குலமும் தேவைப்படாத ஒட்டுநாடாவால் ஐந்நூறு டாலர் மிச்சமாயிற்று என்று மாணவர்கள் கொண்டாடினர். பிற்காலத்தில் பூட்டுகள் பெருகின. 2014ஆம் ஆண்டில், பென்டியம் என்னும் பெயரின் இருபதாம் ஆண்டை முன்னிட்டு, பெருக்கல் எண் பூட்டப்படாத ஜி3258 என்ற செயலியை அதே நிறுவனம் 72 டாலருக்கு விற்றது. பழைய நாள்களின் நினைவுப் பரிசு போலும்!

300 என்று முத்திரையிட்ட செயலி 450இல் ஓடியது எங்ஙனம்? இங்கேதான் நாம் அறிய வேண்டிய செய்தி இருக்கிறது. ஒரே சிலிக்கன் வில்லையிலிருந்து நூற்றுக்கணக்கான சில்லுகள் வெட்டி எடுக்கப்படுகின்றன. ஒரே அடுப்பில் சுட்ட பணியாரங்களே ஒன்றுபோல் இருப்பதில்லை, இவையும் அவ்வாறே. சில குறைந்த அழுத்தத்திலேயே விரைந்து ஓடும். சிலவற்றுக்குக் கூடுதல் உந்துதல் வேண்டும். தயாரிப்பாளர் அவற்றைச் சோதித்துத் தரம் பிரிக்கிறார். ஆனால் ஒரு தரத்துக்குள் அடங்கும் சில்லுகள் யாவற்றுக்கும் போதுமான அளவை வகுக்கும்போது, அவற்றுள் நலிந்ததை மனத்தில் கொண்டே வகுக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சில்லு ஐந்தாண்டு கழிந்து தேய்ந்திருக்கலாம். புழுதி படிந்த பெட்டிக்குள் இருக்கலாம். மின்வழங்கி மட்டமானதாக இருக்கலாம். அறை எங்கள் மாடியறையைப் போல் இருக்கலாம். அத்தனைக்கும் சேர்த்து ஒரு கைப்பிடி அதிகமாகவே மின்னழுத்தத்தை அளந்து வைக்கிறார். அந்தக் கைப்பிடியைத்தான் ஓவர்கிளாக்கிங் செய்பவர்களும் எடுத்துக்கொள்கின்றனர். அண்டர்வோல்ட்டிங் செய்பவர்களும் எடுத்துக்கொள்கின்றனர். முன்னவர் அதை வேகமாக மாற்றுகின்றனர். பின்னவர் அதைக் குளிர்ச்சியாக மாற்றுகின்றனர்.

இரண்டுக்கும் கொடுக்கும் விலை சமமன்று. செயலி உண்ணும் மின்திறனின் பெரும்பகுதி, துடிப்பின் வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறி இறங்குகிறது. ஓர் எடுத்துக்காட்டு காண்போம். வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்டுவதற்காக 1.3 வோல்ட்டை 1.4 ஆக்கினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்திறன் ஏறத்தாழ 28 விழுக்காடு ஏறிவிடும். வேகத்தில் கை வைக்காமல் 1.3 வோல்ட்டை 1.1 ஆகக் குறைத்தாலோ, அதே 28 விழுக்காடு குறையும். அதாவது, பத்துக்கு ஆசைப்பட்டு இருபத்தெட்டைக் கொடுப்பது ஒரு வழி. எதையும் இழக்காமல் இருபத்தெட்டைப் பெறுவது மறுவழி. கணக்குத் தெரிந்த எந்த இல்லத்தரசியும் எதைத் தேர்வார் என்பது வெளிப்படை.

பெரிய நிறுவனங்களே இந்தக் கணக்கின் முன் தலைவணங்க நேர்ந்ததுண்டு. ஐ.பி.எம். நிறுவனத்தின் அறிஞர் இராபர்ட் டெனார்டும் அவருடைய தோழர்களும், மின்விசைகளைச் சிறிதாக்கச் சிறிதாக்க மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்துக்கொண்டே போகலாம், வெப்பம் மிகாது என்று 1974இல் எழுதினர். முப்பது ஆண்டுகள் அது பலித்தது. பின்னர் மின்னழுத்தம் அவ்விகிதத்தில் குறைய மறுத்தது. விசைகள் மூடியிருக்கும்போதும் மின்சாரம் கசியத் தொடங்கியது. 2004 அக்டோபரில் இன்டெல் தன் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தையே கைவிட்டது. வேகத்தை மேன்மேலும் ஏற்றுவதை விடுத்து உள்ளகங்களின் எண்ணிக்கையைப் பெருக்கும் காலம் அதன்பின் வந்தது. எங்கள் செயலியின் ஆறு உள்ளகங்கள் அந்த வழியில் வந்தவையே.

மகன் முதலில் வேகத்தின் பக்கமே சென்றான். இளமை அப்படித்தானே! தொழிலில் அவனுக்கு நியாயமும் இருந்தது. மூன்று மணி நேரத் திருமணப் படம் ஒன்றைக் கணினி இறுதி வடிவமாக்கித் தர 4 மணி 12 நிமிடம் ஆயிற்று. அத்தனை நேரமும் செயலியின் வெப்பம் 93 டிகிரியில் நின்றது. 95 டிகிரி அதன் எல்லை. அதை நெருங்கும்போது அது தன் வேகத்தைத் தானே சுருக்கிக்கொள்ளும். அவன் எல்லா உள்ளகங்களையும் 4.2 கிகாஹெர்ட்ஸில் நிறுத்தி, 1.35 வோல்ட் கொடுத்தான். வாடிக்கையாளர் எவருடைய படத்தையும் தொடாமல், எங்கள் மகளின் திருமணப் படத்தையே சோதனைக்கு எடுத்துக்கொண்டான். 3 மணி 54 நிமிடத்தில் வேலை முடிந்தது. பதினெட்டு நிமிடம் ஆதாயம். விசிறியின் இரைச்சல் கீழ்வீட்டுக் கூடம் வரை கேட்டது. வெப்பம் 95ஐத் தொட்டுத் தொட்டு மீண்டது.

அன்றிரவு குடும்பமாக அமர்ந்து அந்தப் படத்தைப் பார்த்தோம். பழைய நினைவுகளில் எல்லோரும் தோய்ந்திருந்த வேளையில், நாத்தனார் தாலிக்குப் பின்முடிச்சுப் போடக் குனியும் இடத்தில், அவர் முகத்தின்மேல் பச்சை நிறச் சதுரங்கள் சில தோன்றி மறைந்தன. ஒரு நொடிக்கும் குறைவு. சின்னவன் சிரித்தான். பெரியவன் சிரிக்கவில்லை. படத்தை நிறுத்திப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தான். மூலப் பதிவில் அந்தக் கறை இல்லை.

"அப்பா, கணினி நிற்கவில்லை; பிழை என்று ஒரு சொல்லும் காட்டவில்லை. வேலை செவ்வனே முடிந்தது என்றே தெரிவித்தது. நாம் உட்கார்ந்து பார்த்திராவிட்டால் இது யாருக்கும் தெரிந்திராது," என்றான்.

அந்தச் சொல் எங்களை உறக்கமின்றி வைத்தது. கணினி அணைந்து போனால் அது ஒரு தொல்லை; மறுபடியும் தொடங்கலாம். அணையாமல், முணுமுணுக்காமல், எங்கோ ஒரு சுழியத்தை ஒன்றாக்கிவிட்டு நடந்துகொண்டே இருந்தால்? திருமணப் படத்தை முழுமையாக எல்லோரும் உடனே பார்ப்பதில்லை. பத்தாண்டு கழித்து, பாட்டி இறந்தபின், அவர் முகத்தைக் காண்பதற்காக ஒரு பேத்தி தேடி எடுப்பாள். அப்போது மூலப் பதிவுகள் எங்கே இருக்கும்? இடமின்மையால் மகன் ஈராண்டுக்கு மேல் எதையும் வைத்திருப்பதில்லை. பதினெட்டு நிமிடத்துக்காக இன்னொருவர் வீட்டு நினைவைப் பணயம் வைக்கத் தனக்கு உரிமையில்லை என்று அவனே சொன்னான். நாங்கள் சொல்ல நினைத்ததும் அதுவே, அவன் முந்திக்கொண்டான்.

மறுநாள் அவன் எதிர்த்திசையில் இறங்கினான். கணினி விழிக்கும் வேளையில் தோன்றும் பயாஸ் அமைப்பில், மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கழித்துக்கொள் என்று கட்டளையிட ஒரு வழி உண்டு. 0.1 வோல்ட் கழித்தான். வெப்பம் நன்றாகக் குறைந்தது. திரையில் காட்டும் வேகமோ இம்மியும் குறையவில்லை. கைகொட்டாத குறையாக மகிழ்ந்தோம். ஆனால் வேலை முடிய நாலரை மணி நேரமாயிற்று! வேகம் குறையாதிருக்க நேரம் எப்படி நீளும்? இவ்வகைச் செயலிகள், அழுத்தம் தாழ்கிறது என்று உணர்ந்தால், பிழை நேராதிருக்கத் தம் துடிப்புகளைத் தாமே நீட்டிக்கொள்கின்றன. காட்டும் எண் மட்டும் பழையபடியே நிற்கிறது. இது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. எண்ணை மட்டும் பார்த்து மகிழ்பவர் ஏமாறுவர். செய்து முடித்த வேலையையும், ஆன நேரத்தையும் அளந்தால்தான் உண்மை தெரியும். ஆலையிலும் இயந்திரத்தின் மேலுள்ள காட்டியை நம்பாமல், நூற்ற நூலை எடைபோட்டுத்தான் கூலி கணக்கிட்டனர்.

ஆகையால் கழிக்கும் முறையை விட்டு, வேகத்தையும் அழுத்தத்தையும் நிலையாக அமைக்கும் முறைக்கு மாறினான். வேகம் 4.0 கிகாஹெர்ட்ஸ். அழுத்தத்தை 1.25இல் தொடங்கிச் சிறிது சிறிதாக இறக்கினான். அதன் மிகச் சிறிய படி 0.00625 வோல்ட். ஒவ்வொரு நிலையிலும் பிரைம்95 என்னும் நிரலைக் கொண்டு செயலியைச் சோதித்தான். இந்த நிரலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரான்ஸ் நாட்டு மினிம் சபைத் துறவி மரின் மெர்சென், ஒரு வகைப் பகா எண்களை ஆராய்ந்தவர். அவர் பெயர் தாங்கிய அந்த எண்களைத் தேடுவதற்காக ஜார்ஜ் வோல்ட்மன் 1996இல் தொடங்கிய கூட்டு முயற்சியின் நிரலே இது. செயலியை மூச்சுத் திணற வைத்து, விடை முன்பே தெரிந்த பெருங்கணக்குகளைச் செய்யச் சொல்லி, விடையை ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஓரிடத்தில் ஓர் எண் பிறழ்ந்தாலும் நின்று பிழையைச் சொல்கிறது. பச்சைச் சதுரங்களை நாம் கண்ணால் தேட வேண்டியதில்லை.

1.0875 வோல்ட்டில் கணினி அணைந்துவிட்டது. 1.1இல் ஓடியது, ஆனால் நாற்பதாம் நிமிடத்தில் ஓர் உள்ளகம் தவறான விடை தந்தது. 1.125இல் இரவு முழுவதும் ஓடியும் பிழையில்லை. அத்துடன் நிறுத்திக்கொண்டிருக்கலாம். மகன் அப்படிச் செய்யவில்லை. இன்னொரு 0.025ஐக் கூட்டி 1.15இல் வைத்தான். இரவில் தேறியது பகலில் தேறும் என்று சொல்ல முடியாது. இன்று தேறியது நான்கு ஆண்டுகள் கழித்தும் தேறும் என்றும் சொல்ல முடியாது என்பது அவன் விளக்கம். சில்லுகளும் மூப்படைகின்றன. மின்னோட்டத்தின் விசையால் நுண்கம்பிகளின் உலோக அணுக்கள் மெல்ல மெல்ல இடம் பெயர்கின்றன. வெப்பம் மிகுந்தால் அது விரைவுபடும். தயாரிப்பாளர் வைத்த கைப்பிடியில் பாதிக்கு மேல் எடுத்துக்கொண்டு, மீதியை இருந்த இடத்திலேயே விட்டுவைத்தான் எனலாம். பிறகு, கத்திரி வெயில் நாளொன்றில், பிற்பகல் இரண்டு மணிக்குச் சன்னல்களைச் சாத்திவிட்டு, மீண்டும் ஒருமுறை சோதித்தான். தேறியது.

இப்போது அதே படம் 4 மணி 6 நிமிடத்தில் முடிகிறது. தொடக்கத்தில் இருந்ததைவிட ஆறு நிமிடம் குறைவு. வெப்பம் 79 டிகிரி. வெயிலில் தளர்ந்து 3.9க்கு இறங்கிய செயலி இப்போது தளர்வதில்லை. ஓர் உள்ளகம் மட்டும் தனித்து ஓடும்போது 4.2 வரை ஏறும் ஆற்றலை இதனால் இழந்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தொகுப்புப் பணியில் அந்த இழப்பு எங்கள் கண்ணில் படவில்லை. மின்கட்டணத்தில் பெரிய மாறுதல் இல்லை. ஏறத்தாழ 25 வாட் மிச்சம். நாளைக்கு எட்டு மணி நேரம் ஓடினால் இரு மாதங்களில் பன்னிரண்டு யூனிட் ஆகும். இதைப் பெருஞ்சேமிப்பு என்று சொல்பவரை நாங்கள் நம்பமாட்டோம். உண்மையான ஆதாயம் வேறு இடத்தில் கிடைத்தது. கோடையில் மின்தடை ஏற்படும்போது, எங்கள் பழைய யு.பி.எஸ். முன்பு கோப்பைச் சேமிப்பதற்குள் கைவிட்டுவிடும். இப்போது சுமை குறைந்ததால், சேமித்து முறையாக அணைப்பதற்கு நேரம் கிடைக்கிறது. மாடியறையும், குளிர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாவிடினும், உட்காரும்படியாக இருக்கிறது. மகன் இரவில் கதவைத் திறந்து வைத்தே வேலை செய்கிறான். கீழே உறங்குபவர்களுக்கு இரைச்சல் இல்லை.

இதைப் படிக்கும் இல்லங்களில் கணினி ஆர்வமுள்ள பிள்ளைகள் இருப்பர். அவர்களுக்காக இரண்டொரு சொற்கள். குறித்த அளவை மீறியதால் வரும் பழுதைத் தயாரிப்பாளரின் உத்தரவாதம் ஏற்பதில்லை. அழுத்தத்தைக் குறைப்பதால் சில்லு எரிந்துபோவதில்லை, கூட்டுவதால் எரியக்கூடும். எல்லா மதர்போர்டுகளும் எல்லாச் செயலிகளும் இதற்கு இடந்தருவதில்லை. தவறான எண்ணை இட்டதால் கணினி விழிக்க மறுத்தால் கலங்க வேண்டாம். மின்னிணைப்பை முற்றிலும் துண்டித்து, மதர்போர்டில் உள்ள நாணய வடிவ மின்கலத்தைச் சற்று நேரம் கழற்றி வைத்தால், பயாஸ் தன் பழைய அளவுகளுக்குத் திரும்பிவிடும். சோதனை முடியும் வரை முக்கியமான கோப்பு எதையும் அக்கணினியில் திறக்கலாகாது. எங்கள் கணினிப் பெட்டியின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. தேதி, வேகம், அழுத்தம், அறையின் வெப்பம், தேறியதா இல்லையா என்னும் ஐந்து கட்டங்கள். ஆண்டுதோறும் உயிர்ப்பு விழாவுக்கு முந்திய வாரத்தில் புழுதியைத் துடைத்து, ஒருமுறை சோதித்து, ஒரு வரி எழுதுகிறான்.

சென்ற மாதம் பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் வந்திருந்தார். அவரிடமும் இதே 3600 செயலிதான். "அண்ணே, உங்கள் எண்களை அப்படியே எழுதிக் கொடுங்கள், நானும் போட்டுக்கொள்கிறேன்," என்று கேட்டார். மகன் எண்களைக் கொடுக்கவில்லை. உள்ளே சென்று, எதுவும் நிரப்பாத ஐந்து கட்டத் தாள் ஒன்றை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தான். இருவரும் அந்த வீட்டுக்குப் புறப்பட்டுச் சென்றனர். அங்கே சில்லு 1.175க்குக் கீழே இறங்க மறுத்துவிட்டதாம்.